மடிப்பு விழுந்த ஒரு சுற்றறிக்கை

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் லேமினேட் செய்த தாள் ஒன்று இருக்கிறது. ஐ.நா. ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை என்று உங்கள் வாரியம் 1981 பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அது. என்னிடம் இருப்பது நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்தது. ஆங்கிலத்தின் வட்ட எழுத்துகளுக்கெல்லாம் வயிறு அடைத்துக் கறுத்திருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார். மடிப்பு சரியாக எண்ணின் மேல் விழுந்து, 293 என்பது 298 மாதிரி தெரிகிறது. நங்கநல்லூரில் லேமினேட் போட்டுத் தந்த கடைப் பையன்கூட, "சார், இது மூணா எட்டா?" என்று கேட்டான். மூணுதான் தம்பி என்றேன். எல்லோரும் அப்படிக் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இந்தச் சுற்றறிக்கை வந்த அதே 1981இல்தான் நான் ஐ.நா. குடும்பத்துக்குள் நுழைந்தேன். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு நடத்திய வங்காள விரிகுடா மீன்பிடித் திட்டத்தின் அலுவலகம் அபிராமபுரத்தில் இருந்தது. அங்கே தட்டச்சராகச் சேர்ந்தேன். கட்டுமரத்துக்கு மாற்றாகக் கரையில் ஏற்றக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம். அலையில் படகு எத்தனை முறை கவிழ்ந்தது என்ற கணக்கையெல்லாம் நான்தான் தட்டச்சு செய்வேன். அப்புறம் கணக்குப் பிரிவு, அப்புறம் ரோம் தலைமையகம். 2014இல் அறுபது வயது முடிந்து ஊர் திரும்பினேன்.

அத்தனை ஆண்டும், ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்தில் ஒரு பங்கை எங்களிடம் பிடித்தார்கள். கடைசி இருபது ஆண்டில் அது 7.9 சதவீதம், அதைப்போல் இரண்டு மடங்கு, 15.8 சதவீதம், அமைப்பு போட்டது. இரண்டும் ஐக்கிய நாடுகள் கூட்டுப் பணியாளர் ஓய்வூதிய நிதியத்தில் சேர்ந்தன. 1949இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்படுத்திய நிதியம் அது. உலகச் சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கும், யுனெஸ்கோவில் வேலை பார்த்தவருக்கும், எனக்கும் ஒரே இடத்திலிருந்துதான் மாதாமாதம் பணம் வருகிறது.

ஐ.நா. பென்ஷன் என்றதும் கோட்டு சூட்டுப் போட்ட தூதர் ஒருவர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். சென்னையில் எனக்குத் தெரிந்த ஐ.நா. ஓய்வூதியர்களில் இரண்டு பேர் ஓட்டுநர்கள், ஒருவர் காசநோய்ச் செவிலியர், ஒருவர் கிடங்குப் பொறுப்பாளர். தூதர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் எனக்குக் கணக்குப் பார்த்த பெரியவர் விஷயம் தெரிந்தவர். ஓய்வூதியத்தை வரிவிலக்கு பெற்ற வருமானமாகக் காட்டி, வங்கி வட்டிக்கு மட்டும் வரி கட்டச் சொல்வார். அவர் காலமான பிறகு ஓர் இளம் ஆடிட்டரிடம் போனேன். கெட்டிக்காரப் பையன், மரியாதையான பையன். என் தாளை வாங்கி, கணினியில் 298 என்று போட்டுத் தேடினார். வேறு ஏதோ வந்தது. "சார், இதுக்கும் பென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார். 293ஆக இருக்கும் பாருங்கள் என்று சொல்ல எனக்கும் அப்போது தோன்றவில்லை. நான் அதுவரை அந்த எண்ணைப் படித்ததே இல்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "உங்க ஆபீஸ் பேரு ஐ.நா. இல்லையே சார், உணவு வேளாண்மைன்னுதானே போட்டிருக்கு?"

அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்த இடம் ஐ.நா.வா இல்லையா என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு ஆண்டுக்கு முழு ஓய்வூதியத்தையும் சம்பள வருமானமாகக் காட்டி வரி கட்டினேன். மூன்றாம் ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், அவரும் எங்கள் நிதியத்து ஓய்வூதியர், பேச்சுவாக்கில் "நாமதான் கட்ட வேண்டாமே" என்றார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

அதன் பிறகுதான் உங்கள் விதிகளில் ஒரு வேடிக்கையைக் கண்டேன். கட்ட மறந்த வரியைக் கட்ட வேண்டுமானால் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் என்று ஒரு வசதி இருக்கிறது. நான்கு ஆண்டு வரை கதவு திறந்திருக்கிறது. தவறிப்போய்க் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க அந்தக் கதவு வழியே போக முடியாது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரித் தனியாக மனுப் போட வேண்டும். அதற்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு என்று 2024 அக்டோபரில் எல்லை வைத்தீர்கள். நான் மனுப் போட்டு ஓர் ஆண்டுப் பணம் வந்தது. மற்ற ஆண்டுக்கான காகிதங்களைச் சேர்க்க வேண்டிய நேரத்தில் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. விட்டுவிட்டேன்.

விட்ட பணத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. என் கேள்வி, இந்த விலக்கு எங்கே இருக்கிறது என்பதுதான்.

வருமான வரிச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. பழைய 1961 சட்டத்தின் 10ஆவது பிரிவில் எத்தனையோ விலக்குகள் வரிசை கட்டி நின்றன. எங்களுடையது அதில் இல்லை. அது 1947ஆம் ஆண்டின் 46ஆவது சட்டத்தில், அதாவது ஐக்கிய நாடுகள் சிறப்புரிமைகள் மற்றும் காப்புரிமைகள் சட்டத்தில் இருக்கிறது. ஐ.நா. தன் அலுவலர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் ஊதியப் பயன்களுக்கும் வரி இல்லை என்கிறது அது. ஓய்வூதியம் என்ற சொல்லே அங்கே கிடையாது. அந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்தது கர்நாடக உயர் நீதிமன்றம். வரித் தீர்ப்புகளைத் தொகுக்கும் 'இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்' இதழில் 1980ஆம் ஆண்டு வெளியான கே. ராமையா வழக்கில், விலக்கு ஓய்வூதியத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது. வருமான வரிச் சட்டமே சம்பளம் என்பதற்குள் ஓய்வூதியத்தையும் சேர்த்துத்தானே வைத்திருக்கிறது. உங்கள் வாரியம் மேல்முறையீடு என்று இழுக்காமல் தீர்ப்பை ஏற்று, 293ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆக, ஒரு பழைய சட்டம், ஒரு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு பழைய சுற்றறிக்கை. மூன்றையும் தெரிந்த ஆடிட்டர் கிடைத்தால் ஓய்வூதியர் தப்பித்தார்.

இப்போது 1961 சட்டமே போய், 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 536 பிரிவுகள், மொழி எளிமையாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சில பக்கம் படித்தேன், உண்மைதான். ஆனால் பழைய சட்டத்தின் காலத்துச் சுற்றறிக்கையைக் காட்டினால், "அது பழைய சட்டத்துக்குப் போட்டது சார்" என்று ஓர் இளைஞர் சொல்ல இனி எவ்வளவு நேரமாகும்? எங்கள் விலக்கின் வேர் 1947 சட்டத்தில் இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கிறது என்று நான் வாதாடலாம். வாதாட எனக்கு 72 வயது. நிதியத்தில் எனக்கு மூத்தவர்கள் நிறைய.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உயிரோடு இருப்பதைக் காட்ட அவருக்குக் கருவூலத்தில் நேர்காணல். எனக்கு ஆண்டுக்கு ஒருமுறை நிதியத்தின் உரிமைச் சான்று. முன்பு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். இப்போது கைப்பேசிச் செயலி முகத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கிறான் என்று எழுதிக்கொள்கிறது. போன தடவை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தேன். ட்யூப்லைட் வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் போனேன். அண்ணன் காபி டபராவை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "டேய், நானும் முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தேன். என் பென்ஷனுக்கு வரி உண்டு. டாலர்ல வாங்கற உனக்கு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?"

சம்பளத்தைப் பொறுத்தவரை என்னிடம் பதில் இருந்தது. ஐ.நா.வை நடத்துவது எல்லா நாடுகளும் போடும் பணம். அதில் கொடுக்கும் சம்பளத்துக்கு ஒரு நாடு வரி போட்டால், மற்ற நாடுகள் போட்ட பணத்தில் ஒரு துண்டு அந்த நாட்டின் கஜானாவுக்குப் போகிறது. அதனால்தான் 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையில் விலக்கு வைத்தார்கள். வரியே இல்லாத சம்பளம் என்பதும் சரியில்லை. அமைப்பே உள்ளுக்குள் பணியாளர் மதிப்பீடு என்ற பெயரில் வரி மாதிரி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறது. ஐ.நா.வில் அப்படிப் பிடித்த பணம் உறுப்பு நாடுகளின் கணக்கில் வரவாகி, அவை செலுத்த வேண்டிய சந்தாவில் கழிகிறது. ஐ.நா. சம்பளத்துக்கும் தன் குடிமக்களிடம் வரி வாங்கும் அமெரிக்கா போன்ற நாட்டுக்கு அந்த வரவை வைத்து ஊழியர்களின் வரியை ஈடுகட்டுகிறார்கள்.

அண்ணன் விடவில்லை. "அது சம்பளத்துக்கு. பென்ஷன்ல பிடிக்கிறாங்களா?"

பிடிப்பதில்லை. நிதியம் யாருக்கும் எந்த நாட்டுக்கும் வரி பிடித்துக் கொடுப்பதில்லை. மேல்நிலை அலுவலர்களின் ஓய்வூதியக் கணக்கை, ஓய்வூதியத்துக்கு வரி கட்ட வேண்டி வரலாம் என்ற நினைப்போடுதான் கூட்டிப் போடுகிறார்கள் என்பதும் கணக்குப் பிரிவில் இருந்த எனக்குத் தெரியும். ஆகவே அண்ணன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய வீட்டிலேயே ஒப்புக்கொண்டதை உங்களிடம் மறைப்பானேன்.

எல்லா நாட்டிலும் இந்த விலக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். யுனெஸ்கோவில் ஓய்வுபெற்றுப் பாரிஸ் பக்கத்திலேயே தங்கிவிட்டார். பிரான்ஸ் அவருடைய ஓய்வூதியத்துக்கு வரி வாங்குகிறது. ஓய்வுபெற்றவர் அலுவலர் ஆகமாட்டார், எனவே விலக்கு அவருக்குக் கிடையாது என்பது பிரான்சின் நிலை. யுனெஸ்கோ ஒப்புக்கொள்ளவில்லை. விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போய், 2003 ஜனவரி 14 அன்று பிரான்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. உடன்படிக்கை வேறு என்றாலும், ஏறக்குறைய ஒரே சொற்களை வைத்துக்கொண்டு பெங்களூரு ஒரு பக்கம் போனது, பாரிஸ் மறுபக்கம் போனது. நண்பர் தொலைபேசியில் சொல்வார்: "எனக்குக் கடுப்புதான். ஆனா படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதணும்னு தெரியும். எழுதிட்டுத் தூங்கிடுவேன்."

எனக்கு அவர்மேல் பொறாமை அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் வரித் தாக்கல் செய்யும் விதத்தைக் கேளுங்கள். கணினிப் படிவத்தில் முதலில் வேலை கொடுத்தவர் யார் என்ற வகை கேட்கும். மத்திய அரசு ஓய்வூதியர், மாநில அரசு ஓய்வூதியர், பொதுத்துறை ஓய்வூதியர் எல்லாம் உண்டு. நான் 'ஓய்வூதியர் – மற்றவர்'. பிறகு முகவரி. நியூயார்க்கில் இருக்கும் நிதியத்துக்கு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வேண்டும் என்று நிற்கும். வெளிநாடு என்றால் ஆறு ஒன்பது போட வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதுவரை சரி. விலக்குக்கு வரும்போது நீளமான பட்டியல் விரியும். நீதிபதிகளுக்கு இடம் உண்டு. பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கு இடம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஐ.நா. ஓய்வூதியம் என்று ஒரு வரி, நான் நிரப்பிய எந்த ஆண்டிலும் என் கண்ணில் படவில்லை. 'இதர' என்பதைத் தொட்டு, சின்னப் பெட்டிக்குள் சட்டம், வழக்கு, சுற்றறிக்கை மூன்றையும் சுருக்கித் திணிக்க வேண்டும். ஒருமுறை எழுத்து எண்ணிக்கை தாண்டிவிட்டது. ராமையாவின் முதலெழுத்தை வெட்டினேன்.

அப்புறம் வெளிநாட்டுக் கணக்கு விவரம். ரோமில் சம்பளம் போட்ட வங்கியில் இன்னும் கொஞ்சம் யூரோ கிடக்கிறது. மூடினால் தேவலை, மூட நேரில் வா என்கிறார்கள். அதை ஒழுங்காக அட்டவணையில் காட்டிக்கொண்டு வருகிறேன். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். அசையாச் சொத்து அல்லாதவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அபராதம் இல்லை என்று 2024இல் தளர்த்தியது சின்னக் கணக்கு வைத்திருக்கும் எங்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த ஆண்டு நவம்பரில் வெளிநாட்டுச் சொத்தை மறக்காமல் காட்டுங்கள் என்று நீங்கள் குறுஞ்செய்தி அனுப்பியதும் நல்ல காரியம்தான். அதே குறுஞ்செய்தியில் எங்கள் விலக்கைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

என்னை விடுங்கள். பெரம்பூரில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கணவர் டெல்லியில் ஐ.நா. அமைப்பு ஒன்றில் ஓட்டுநர், என் நண்பர். அவர் போன பிறகு நிதியம் மனைவிக்குப் பாதி ஓய்வூதியம் கொடுக்கிறது. அக்கா காகிதங்களைத் துணிக்கடை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். பாஸ்புக், இறப்புச் சான்று, நிதியத்தின் கடிதம், நடுவே ரேஷன் கார்டு. ஊர் வாடகையும் வைப்புநிதி வட்டியும் சேர்ந்து அவரை வரி வளையத்துக்குள் தள்ளப் பார்க்கின்றன. அவருக்கு வரும் பணத்துக்கு விலக்கு உண்டா?

நான் நான்கு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் உண்டு என்றார்கள், கணவருக்கு இருந்தது மனைவிக்குத் தொடரும் என்று. இரண்டு பேர் தலையாட்டவில்லை. அவர்கள் சொல்லும் காரணத்தைப் புறந்தள்ள முடியவில்லை. நம் வரிச் சட்டத்தில் ஓய்வூதியம் சம்பளம். குடும்ப ஓய்வூதியம் சம்பளம் அல்ல, இதர வருமானம். அதனால்தான் அதற்குத் தனிக் கழிவு, மூன்றில் ஒரு பங்கு அல்லது குறிப்பிட்ட தொகை, எது குறைவோ அது. சம்பளத்துக்குள் ஓய்வூதியம் அடங்கும் என்ற வாதத்தில் கணவர் தப்பித்தார் என்றால், அதே வாதத்தில் மனைவி மாட்டிக்கொள்கிறாரே! இதைச் சொன்னபோது அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கட்டணும்னா கட்டிடறேன் தம்பி, அப்புறமா வந்து அபராதம்னு கேட்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

இதைவிட நன்றாக என் கோரிக்கையை என்னால் எழுத முடியாது. ஆனாலும் அலுவலகத்துக்கு எழுதும்போது அலுவலக மாதிரி கேட்க வேண்டுமே.

293ஐ ஒட்டிப் புதிய சட்டத்தின் கீழ் ஒரு புதுச் சுற்றறிக்கை வேண்டும். அதில் ஐக்கிய நாடுகள் என்று மட்டும் போடாமல், கூட்டுப் பணியாளர் ஓய்வூதிய நிதியம் என்று நிதியத்தின் பெயரைப் போடுங்கள். 1947 சட்டத்தின் 3ஆவது பிரிவு மற்றப் பன்னாட்டு அமைப்புகளுக்கும் அறிவிக்கை மூலம் சலுகையை நீட்டிக்க இடம் தருகிறது, எந்தெந்த அமைப்பு என்று பெயர் சொல்லிவிட்டால் "உங்க ஆபீஸ் பேரு ஐ.நா. இல்லையே" என்ற கேள்வி அடங்கிவிடும். உலக வங்கியில் ஓய்வுபெற்றவர்களையும் எங்களோடு ஒரே கூடையில் போடுகிறார்கள். அவர்கள் எங்கள் நிதியத்திலேயே இல்லை, அந்த வங்கியின் ஒப்பந்தம் சொந்த நாட்டவரின் சம்பளத்துக்கு விலக்குத் தரச் சொல்லவும் இல்லை. அவர்களுக்கு என்ன நிலை என்பதையும் எழுதிவிடுங்கள், பாவம், அவர்களும் யாரையோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு உண்டா இல்லையா என்று ஒரு தனிப் பத்தி வேண்டும். அக்காவுக்கு விலக்கு தர வேண்டும் என்பதுதான் என் ஆசை. கணவரின் ஊதியத்தில் பிடித்த பணத்திலிருந்து வருவதுதானே அது. ஆனால் இல்லை என்று முடிவு செய்தால் அதையாவது எழுதுங்கள். படிவத்தின் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்க உங்கள் கணினிப் பிரிவுக்கு ஒரு பிற்பகல் ஆகுமா?

அண்ணன் பக்கம்தான் நியாயம், பிரான்ஸ் வழியே போகலாம் என்று நாடாளுமன்றம் நினைத்தால் அதற்கும் முறை இருக்கிறது. சட்டத்தைத் திருத்திச் சொல்லட்டும். நான் முணுமுணுப்பேன், கட்டுவேன். சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யாமல், யாருக்கும் தெரியாமல் மங்கிப்போக விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதுச் சுற்றறிக்கை வந்தால் அதையும் லேமினேட் போட வேண்டியிருக்கும். எண்ணைத் தாளின் நடுவில் அச்சிடாமல் மூலையில் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள். எப்படி மடித்தாலும் மடிப்பு அங்கே விழாது.

இப்படிக்கு,
ஐ.நா. ஓய்வூதியர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை